சாப்பாட்டு மேசையில் ஒரு காய்கறி லாரி

தாரணியின் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்தது. இருந்தது என்பதற்கு அதன் நான்கு கால்கள்தான் சாட்சி. மேல்பக்கத்தை அவள் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது. பசைக் குப்பி, பெயின்ட் டப்பா, உப்புத்தாள், இடுக்கி, பாதி முடிந்த லாரி, கால்வாசி முடிந்த லாரி, பெட்டியே பிரிக்காத லாரி என்று அது ஒரு வாகன நிறுத்துமிடமாகவே மாறியிருந்தது. குடும்பம் சோபாவில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டது.

காரணகர்த்தா அவள் கணவன் பிரேம். வயது நாற்பத்தெட்டு. சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் எந்த லாரி எத்தனை மணிக்கு எந்த வாசலில் கிளம்ப வேண்டும் என்று சொல்லும் வேலை. பகலெல்லாம் பெரிய லாரியோடு மல்லுக்கட்டிவிட்டு மார்சிலிங் வீட்டுக்கு வந்தால் மனிதன் வேறு ஏதாவது செய்வான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பிரேம் கைகால் கழுவிவிட்டுச் சின்ன லாரியோடு உட்கார்ந்துவிடுவான்.

சின்ன லாரி என்றால் இருபத்து நாலில் ஒரு பங்கு. அசல் லாரியில் இருபத்து நாலு அங்குலம் இருப்பது இவன் லாரியில் ஒரு அங்குலம். பிளாஸ்டிக் பாகங்கள் சட்டத்தோடு ஒட்டிப் பெட்டியில் வரும். வெட்டி, தேய்த்து, ஒட்ட வேண்டும். பெட்டியில் இல்லாத நுணுக்கமான பாகங்களைப் போலந்தில் யாரோ ஒருவர் ரெசினில் வார்த்து அனுப்புவார். அச்சிலிருந்து கழற்றிய எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் அவற்றைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினால்தான் பெயின்ட் பிடிக்கும். கழுவ டீ வடிகட்டிதான் வசதி என்று பிரேம் கண்டுபிடித்திருந்தான். ஒரு நாள் தாரணியின் தேநீரில் ஒரு பக்கவாட்டுக் கண்ணாடி மிதந்தது. "நல்லவேளை, முழுங்கல. போலந்துலேர்ந்து வர ஆறு வாரம் ஆகும்" என்றான் பிரேம். பெண்டாட்டியின் தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த இருபத்து நாலு அந்த வீட்டில் எல்லாவற்றிலும் புகுந்திருந்தது. அவனுக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று அவள் சொன்னால், "இருபத்து நாலால வகுத்துப் பாரு, ஒண்ணுமே இல்ல" என்பான். மூன்று வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு, வேறு எந்தக் கணக்கும் வராத தாரணிக்கும் அந்த ஒரு வாய்ப்பாடு மட்டும் தலைகீழாக வரும்.

போன தீபாவளிக்கு அவள் அக்கா மங்களம் குடும்பத்தோடு வந்து, ஒன்பது பேரும் பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "மேசை வாங்க வசதி இல்லையாடி?" என்று அக்கா கேட்டதோடு தாரணியின் பொறுமை முடிந்தது. அன்றைக்கே பேசி முடித்தாள்.

"வருஷா வருஷம் அந்த மாடல் வண்டிப் போட்டிக்குப் போறீங்க. ரெண்டாவது, மூணாவதுன்னு வர்றீங்க. வர்ற ஜூன்ல ஃபர்ஸ்ட் வாங்கிட்டு வாங்க, மேசை உங்களுக்கே. இல்லன்னா காலி பண்ணிடணும்."

"காலி பண்ணிட்டு எங்க செய்யறது?"

"ஸ்டோர் ரூம்ல."

ஸ்டோர் ரூமில் சன்னல் கிடையாது. பெயின்ட் அடித்தால் ஐந்தாவது நிமிடம் மயக்கம் வரும். போட்டியில் தோற்றால் லாரி கட்டுவது அதோடு போச்சு என்பது இருவருக்கும் தெரியும். பிரேம் கொஞ்ச நேரம் யோசித்து, சரி என்றான். சொன்ன சொல்லை மீறும் ஆள் இல்லை அவன். அதுதான் அவனிடம் உள்ள நல்ல குணமும் தொந்தரவும்.

இந்த வருடம் அவன் எடுத்துக்கொண்டது தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் நிற்கும் காய்கறி லாரி. பச்சைத் தார்ப்பாய் போட்ட பழைய வண்டி. சனிக்கிழமை காலைகளில் போய் டேப் வைத்து அதை அளந்தான். அதிகாரி யாரோ வந்துவிட்டார் என்று பயந்துபோன லாரிக்காரர் அவசர அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் பிரேம் விஷயத்தை விளக்கியதும், பயந்தபோது பார்த்ததைவிட இன்னும் சந்தேகமாகப் பார்த்தார்.

தாரணி உட்லண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். கூட வேலை பார்ப்பவள் விடுப்பில் போனதால் போட்டிக்கு முந்தைய மூன்று வாரமும் அவளுக்கு மாலை நேர வேலை. அந்த மூன்று வாரமும் லாரி ஒரு கேக் மூடிக்குள் இருந்தது. "இப்பப் பார்க்காத. முடிஞ்சதும் காட்டறேன்" என்றிருந்தான். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அவள் மனதில் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் இரண்டாம் பரிசோடு திரும்பும்போது, போட்டி நடக்கும் டோபி காட் பகுதியிலிருந்து மார்சிலிங் வரை ரயிலில் அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. மேசை வேண்டும்தான். ஆனால் அவன் ஜெயிக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கிறதே என்று அவள் கவலைப்படவில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆனவளுக்கு அதெல்லாம் ஒரு முட்டலா?

யோசித்துப் பார்த்ததில் ஒரு குறை அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வண்டி கட்டியிருக்கிறான், ஒன்றுக்காவது பூஜை போட்டிருக்கிறானா? அவள் பிறந்த வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் சரி, குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி வாங்கினாலும் சரி, எலுமிச்சம்பழம் நசுக்காமல் வாசல் தாண்டியதில்லை. பூஜை போடாத வண்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்ததே பெரிய விஷயம்.

போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை சீக்கிரமே வேலை முடித்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் இறங்கினாள். பூக்கடை ரத்தினம்மாவிடம், "அக்கா, லாரிக்கு மாலை வேணும்" என்றாள்.

"புது லாரியா? சந்தோஷம்மா. எவ்ளோ நீளம்?"

தாரணி நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

"நாலு முழமா?"

"நாலு விரல், அக்கா."

ரத்தினம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மல்லிகையிலேயே பொடி அரும்பாகத் தேடியெடுத்து, ஊசியில் கோத்து நான்கு விரல் மாலை கட்டிக் கொடுத்தார். "நல்லா ஓடட்டும்மா வண்டி" என்று வாழ்த்தவும் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பிரேம் கட்டடத்துக்குக் கீழே இருந்த கடைக்கு முடிவெட்டிக்கொள்ளப் போனான். பரிசு கொடுக்கும்போது போட்டோ எடுப்பார்களே. அவன் தலை மறைந்ததும் தாரணி கேக் மூடியைத் தூக்கினாள். தூக்கியவள் "ஐயையோ" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

லாரி பூராவும் தூசி. சக்கரத்தைச் சுற்றிச் செம்மண். கதவின் அடியில் பழுப்புப் பழுப்பாக ஏதோ வழிந்திருந்தது. கூரை மேல் வெள்ளையாக ஒரு சொட்டு. சன்னலைப் பார்த்தாள், திறந்து கிடந்தது. மைனா! மைனாதான் உள்ளே வந்து எச்சம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மூடி போட்டிருந்ததே என்ற எண்ணம் வந்தது. இந்த மனுசன் எத்தனை தடவை திறந்து போட்டுவிட்டுப் போயிருப்பானோ என்று அந்த எண்ணத்தையும் ஓரம் கட்டினாள். அழுக்கு வண்டிக்கு யாராவது பொட்டு வைப்பார்களா?

மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த பஞ்சுருளையை ஈரம் பண்ணி எடுத்துக்கொண்டாள். பல் இடுக்கில் இருப்பதையெல்லாம் விடாமல் எடுத்துப் பழகிய கை அது. சக்கரத்தின் உள்பக்கம், கதவு இடுக்கு, முன் கம்பிச் சல்லடையின் ஒவ்வொரு சந்தும் என்று ஒன்றையும் விடவில்லை. மைனாவின் எச்சம் மட்டும் சுலபத்தில் வரவில்லை. நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தாள். பத்தே நிமிடத்தில் லாரி அப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல் மின்னியது.

பிறகு பல் சுத்தம் செய்யும் கொக்கியின் நுனியால் முன் கண்ணாடியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். மாலை போட்டாள். பிளாஸ்டிக் ஆயிற்றே என்று கற்பூரத்தை இரண்டு முழம் தள்ளி நின்றே காட்டினாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைக்கப் போனபோதுதான் சிக்கல். பழம் டயரைவிடப் பெரிதாக இருந்தது. இதன் மேல் ஏற்றினால் லாரி குடை சாய்ந்துவிடும். பழத்தையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வாய்ப்பாடு கைகொடுத்தது. பழம் இரண்டு அங்குலம். இருபத்து நாலால் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டர்.

அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கடுகிலேயே பெரிய கடுகாக நாலைப் பொறுக்கினாள். பிரேமின் வெர்னியர் அளவுகோலின் தாடைக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டு மில்லிக்குக் குறைந்த இரண்டைத் தள்ளிவிட்டு வேறு இரண்டு எடுத்தாள். நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்து, கையால் அழுத்தி லாரியை உருட்டினாள். மூன்று நசுங்கின. நாலாவது பின் டயரின் பள்ளத்தில் போய் மாட்டிக்கொண்டது. காவலுக்கு இருக்கட்டும் என்று அதை அப்படியே விட்டுவிட்டாள்.

கதவு திறந்தது. புது முடிவெட்டோடு உள்ளே வந்த பிரேம் மேசையருகே வந்து நின்றான். நின்றவன் நின்றவன்தான்.

"துடைச்சியா?"

"ஆமாங்க! ஒரே தூசி. மைனா வேற..."

"அது நான் வெச்ச எச்சம், தாரணி."

அவளுக்குப் புரியவில்லை. அவன் உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. "போன வருஷம் ஜட்ஜ் எழுதிக் குடுத்தாங்க, ரொம்ப சுத்தமா இருக்கு, பொம்மை மாதிரி இருக்குன்னு. அந்தப் பேப்பர உங்கிட்ட காட்டல. அதான் இந்தத் தடவ மூணு வாரமா அழுக்கு பூசினேன். துரு, மண்ணு, எல்லாம் ஒவ்வொரு புள்ளியா வெச்சது. பொடிங்கறதால ஈரம் பட்டா போயிடும்."

தாரணி மேசை ஓரத்தில் போட்டிருந்த பஞ்சுருளையைப் பார்த்தாள். அது செம்மண் நிறத்தில் இருந்தது. மூன்று வார உழைப்பு அந்தப் பஞ்சில் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"மேசை வேணும்னா கேட்டிருக்கலாம்ல."

தாரணி பஞ்சுருளையை எடுத்துக் குப்பையில் போட்டாள். இவன் என்ன நினைக்கிறான்? வேண்டுமென்றே செய்தாள் என்றா? இருபது வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றியா? பூஜையைப் பற்றிச் சொல்லலாம், கடுகைப் பற்றிச் சொல்லலாம். கேட்காதவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? கோபம் வந்தால் தாரணிக்கு வாய் மூடிக்கொள்ளும். வாய் ஓயாத பெண்களுக்குக் கோபம் அப்படித்தான் வரும்.

பெயர் கொடுத்தாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. பிரேம் மாலையை மட்டும் கழற்றி மேசையில் வைத்தான். பொட்டைத் துடைத்தால் கண்ணாடி கறைபடும் என்று அப்படியே விட்டான். தாரணி அந்த நான்கு விரல் மாலையை எடுத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, கூப்பிடாமலே கூடக் கிளம்பினாள்.

மார்சிலிங்கிலிருந்து டோபி காட் வரை எம்ஆர்டி ரயிலில் அவன் மடியில் பெட்டி. போன வருடம் திரும்பும்போது இருந்த அதே முகம் இந்த வருடம் போகும்போதே வந்திருந்தது. தாரணி சன்னல் பக்கம் திரும்பித் தன்னைத்தானே விசாரித்துப் பார்த்தாள். உள்ளுக்குள் எங்காவது ஒரு மூலையில் மேசையை நினைத்துக்கொண்டுதான் பஞ்சை எடுத்தேனா? நன்றாகத் தேடினாள். ஈஷூன் ஸ்டேஷன் வந்தது, பீஷான் வந்தது. அப்படி ஒரு மூலை இல்லவே இல்லை. அது தெரிந்ததும் அழுகைதான் அதிகமாக வந்தது. தனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம், அவனுக்கல்லவா தெரிய வேண்டும்?

போட்டி நடந்த மூன்றாம் மாடிக் கூடத்தில் நீள நீள மேசைகளில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாமே துரு. சேற்றில் முங்கிய லாரி, புகை படிந்த லாரி, கதவு உளுத்துப்போன லாரி. இத்தனை அழுக்கை இவ்வளவு அக்கறையாகச் செய்து வைத்திருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். அவற்றுக்கு நடுவே பிரேமின் காய்கறி லாரி மட்டும் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல் நின்றது.

நடுவர்களில் ஒருவர் ரவூப். பதினைந்து வருடம் நிஜ லாரி ஓட்டியவர். கையில் டார்ச், கண்ணில் பூதக்கண்ணாடி. பிரேமைப் பல வருடமாகத் தெரியும்.

"என்ன பிரேம், பொட்டெல்லாம் வெச்சிருக்கு? எங்க முதலாளியும் இப்படித்தான்லா, பொட்டு வெக்காம வண்டிய எடுக்க விடமாட்டாரு. மேல அழுக்கு ஒண்ணும் காணோமே?"

"துடைச்சாச்சு அண்ணே" என்றான் பிரேம், தரையைப் பார்த்தபடி.

ரவூப் குனிந்து டார்ச்சை அடியில் அடித்தார். சக்கரம் சக்கரமாகப் பார்த்து வந்தவர் பின் டயரில் நின்றுவிட்டார். "இது என்ன, கடுகு மாதிரி இருக்கு? ரெசின்ல செஞ்சியா?"

"கடுகா?" பிரேமுக்கும் புரியவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் தாரணி வந்திருந்தாள். ஆனால் கேட்பது ரவூப் அல்லவா? "எலுமிச்சம்பழம்" என்றாள்.

"என்னம்மா?"

"பூஜை போட்டா சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெக்கணும்லண்ணே. நிஜப் பழம் வெச்சா டயரவிடப் பெரிசா இருந்துச்சு. ரெண்டு இன்ச்ச இருபத்து நாலால வகுத்தா ரெண்டு மில்லி. பெரிய கடுகா அளந்து பார்த்து வெச்சேன். இவரு ஜெயிக்கணும்னு." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. "அழுக்கு நிஜ அழுக்குன்னு நெனச்சேன். மைனா எச்சம்னு மைனாவ வேற திட்டினேன்."

ரவூப் டார்ச்சை அணைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "பிரேம், இத்தனை வருஷமா ஜட்ஜா இருக்கேன். வீட்ல இருக்கற ஆளே நிஜ எச்சம்னு நெனச்சிருக்காங்கன்னா, அதுக்கு மேல என்ன மார்க் போடறது?"

பிரேம் சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து அந்தக் கடுகைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. தன் விளையாட்டைப் பெண்டாட்டி பொறுத்துக்கொள்கிறாள் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தான். அவள் அளந்து பார்த்து எலுமிச்சம்பழம் வைப்பாள் என்று கனவிலும் நினைத்ததில்லை. அது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தாரணிக்குக் காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

மார்க் போடும் தாளில் கடுகுக்கு இடமில்லை, அழுக்குக்குத்தான் இருந்தது. முதல் பரிசு துருப்பிடித்த ஒரு தீயணைப்பு வண்டிக்குப் போனது. பிரேமுக்கு நான்காவது இடம். நான்காவது இடத்துக்குப் பரிசும் கிடையாது, போட்டோவும் கிடையாது. முடிவெட்டியதுதான் மிச்சம்.

திரும்பும் ரயிலில் அவன்தான் முதலில் பேசினான். "காலையில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா. கூடாது."

"மன்னிச்சிடு."

"மாட்டேன். மூணு வாரம் பேசப் போறதில்ல. நீங்க மூணு வாரம் கஷ்டப்பட்டீங்க, நானும் மூணு வாரம்."

"இருபத்து நாலால வகுத்துக்கலாமா?"

அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஒரு நாள்கூட முழுசாக வரவில்லை. "அப்போ நாளைக் காலை வரைக்கும்" என்றவள், ஈஷூன் வருவதற்குள் ரத்தினம்மா மாலை கட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமையல் முடித்துவிட்டு வந்தபோது மேசை காலியாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். பசை, பெயின்ட், பெட்டிகள் எல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தன. துடைத்த மேசையில் இரண்டு தட்டு, நடுவில் காய்கறி லாரி, பொட்டோடு. மேசையின் மரம் இந்த நிறம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மடியில் தட்டு இல்லாமல் சாப்பிட என்னவோபோல் இருந்தது. இத்தனை நாள் கேட்டு வாங்கிய இடம், இவ்வளவு காலியாகவா இருக்க வேண்டும்?

"லாரிக்குத் திரும்ப அழுக்கு பூசிக்கோங்க. சத்தியமா தொட மாட்டேன்."

"பூஜை போட்ட வண்டிய யாராச்சும் அழுக்காக்குவாங்களா?" என்றான் அவன். கொஞ்சம் தயங்கி, நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். போட்டிக் கூடத்தில் வாங்கி, அவளுக்குத் தெரியாமல் பையில் போட்டிருந்தது. "இது எழுபத்திரண்டுல ஒண்ணு. உள்ளங்கையில அடங்கிடும். மேசையில ஒரு ஓரம், ஒரு தட்டு வெக்கற அளவு இடம் போதும். நீ வேணாம்னா வேணாம்."

தாரணி பெட்டியை வாங்கிப் பார்த்தாள். அவள் உதடு ஏதோ கணக்குப் போட்டது.

"எழுபத்திரண்டுன்னா ஒரு மில்லிகூட வராதே. கடுகு ரொம்பப் பெரிசு. கசகசாதான் சரியா இருக்கும்."

"சிங்கப்பூர்ல கசகசாவும் போதைப்பொருள் கணக்கு, வெச்சிருந்தா புடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"தெரியும்லா." அவள் எழுந்து தன் தட்டை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு, மேசையின் அந்த ஓரத்தில் பெட்டியை வைத்தாள். "ரவை இருக்கு. அதுல பொறுக்கிக்கலாம்."